ஸாதெர் வீட்டுக் கசப்புக் காப்பி

கனான் நௌஃபல் திரும்பி வந்துவிட்டான் என்பதை தாஹிர் ஸாதெரிடம் சொல்ல மலையூரான அய்ன் சிந்தியானில் யாருக்கும் வாய் வரவில்லை. அவன் திரிப்போலியில் கப்பலை விட்டு இறங்கியதும், கழுதை ஏறி மலைக்கு வந்ததும், சொந்த வீட்டு வாசலைக்கூட மிதிக்காமல் நேரே மார் தூமித் மடத்துக்குப் போனதும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. தாஹிர் தெருவில் வந்தால் மட்டும் பேச்சு ஆலிவ் விளைச்சலுக்குத் தாவிவிடும். கடைசியில் சொன்னவன் கழுதைக்காரன் அசாஃப்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தாஹிர் கோயில் வாசலில் நின்றபோது வந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. வேற எவனாச்சும் வந்து வத்தி வைக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். அவன ஏத்திக்கிட்டு வந்தது என் கழுதைதான். ஆளு யாருன்னு சத்தியமாத் தெரியாது. வழி நெடுக ஒரு வார்த்தை பேசல. திமிரு புடிச்சவன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா ஊமை. தொண்டையில என்னமோ வந்து குரலே போயிருச்சாம்."

"யாரு?"

"கனான் ஐயா."

தாஹிர் எந்தக் கனான் என்று கேட்கவில்லை. கைத்தடியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றிக்கொண்டார். "எங்க இருக்கான்?"

"மேல. அஃப்ராம் சாமி குடிலுக்குப் பக்கத்துல." அசாஃப் தொப்பியைக் கசக்கினான். "குரலு திரும்பணும்னு வந்திருக்கான். உங்க தம்பிகிட்ட."

தாஹிர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு நடந்தார். முதுகு எப்போதும்போல நேராக இருந்தது. ஊர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றது.

கால் நூற்றாண்டுக்கு முன்னால், ஊற்றுத் தண்ணீர் யார் முறை என்ற தகராறில், தாஹிரின் அண்ணன் மர்ஹெஜைச் சுட்டுக்கொன்றவன் கனான். அன்றிரவே கடற்கரைக்கு ஓடி, அங்கிருந்து பிரேசிலுக்குப் போய்விட்டான். ஸாதெர் வீட்டில் மர்ஹெஜுக்காகத் துக்கம் கேட்க யாரையும் உள்ளே விடவில்லை. பழி தீராத சாவுக்கு மலையில் மணி அடிப்பதில்லை. துக்கம் கேட்க வருகிறவர்களுக்குக் கசப்புக் காப்பி ஊற்றுவதில்லை. ரத்தம் தோய்ந்த சட்டையைத் துவைக்காமல் மடித்துப் பெட்டியில் வைப்பார்கள். ஓடிப்போனவனுக்குப் பதிலாக நௌஃபல் வீட்டு வேறொருவனை எடுக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. தாஹிர் ஒப்பவில்லை. ஸாதெர் வீடு கொன்றவனைத்தான் கேட்கும், கையில் அகப்பட்டவனைக் கேட்காது என்றார்.

உண்மையில் கனானைக் கடற்கரை சேர்வதற்குள்ளேயே மடக்கியிருக்கலாம். கடைசித் தம்பி ஷல்லீத்தா அந்தச் சட்டையைத் தொட்டுச் சத்தியம் செய்தான். தாஹிரின் மனைவி அப்போது பிள்ளைத்தாச்சி. எனக்குத்தான் பெண்டாட்டி பிள்ளை இல்லை, நான் போகிறேன் என்று துப்பாக்கியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். காலையில் துப்பாக்கி மார் தூமித் மடத்து வாசல் சுவரில் சாத்தியிருந்தது. ஷல்லீத்தா உள்ளே இருந்தான். திரும்பி வரவேயில்லை.

மடத்து வாசலிலிருந்து வீட்டுத் துப்பாக்கியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் நடுவே நடந்து வந்தது தாஹிர்தான். அன்று கேட்ட சிரிப்பு அவர் காதைவிட்டுப் போகவில்லை. பிற்பாடு ஷல்லீத்தா அஃப்ராம் சாமி ஆனான், மடத்துக்கும் மேலே பாறை இடுக்கில் தவக்குடிலில் ஒடுங்கினான். அவன் மந்திரித்துக் கொடுத்த தண்ணீரைத் தெளித்தால் வெட்டுக்கிளி போகிறது, பட்டுப்புழு பிழைக்கிறது, தீராத காய்ச்சல் இறங்குகிறது என்று பேச்சு கிளம்பி, வெளியூரிலிருந்தும் ஜனம் ஏறி வந்தது. சிரித்த அதே ஊர், சாமியாரின் அண்ணன் என்று தாஹிரின் கையை முத்தமிட வந்தது. அவர் கையை இழுத்துக்கொண்டார். பழித்தபோது குனியாத தலை புகழ்ந்தபோது நிமிரவும் இல்லை. அது ஏற்கெனவே நிமிர்ந்துதான் இருந்தது.

ஒரே ஒருமுறை தம்பியிடம் ஆள் அனுப்பினார். மகள் நஜ்லா காய்ச்சலில் கிடந்தாள். மடத்திலிருந்து குடுவையில் தண்ணீர் வந்தது. நெற்றியில் தெளித்தார்கள், உதட்டில் விட்டார்கள். விடியும் முன்னே பிள்ளை போய்விட்டாள்.

அந்த ஞாயிறு கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்த தாஹிர் சுவரில் மாட்டியிருந்த துப்பாக்கியை எடுத்தார். மர்ஹெஜின் விதவை தக்லா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கொழுந்தனே, இந்தப் பனியில வேட்டையா?"

"மடத்துக்கு."

"செபமாலைய விட்டுட்டுப் போறீங்களே."

"அவன் வந்திருக்கான் மதினி."

"தெரியும். ஊருக்கே தெரியும். உங்களுக்குத்தான் கடைசியில சொல்லியிருக்காங்க."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா?"

தக்லா மாவுக் கையைத் துடைக்காமல் திரும்பினாள். "நான் எப்ப சும்மா இல்லாம இருந்தேன்? சட்டைய பெட்டியில வைன்னீங்க, வச்சேன். கறுப்பு கட்டுன்னீங்க, கட்டினேன். அழுவாத, மணி அடிக்கலன்னீங்க. அதையும் கேட்டேன். இந்த வீட்ல உனக்கு என்ன வேணும்னு என்னை யாரு கேட்டா?"

"மடத்து எல்லைக்குள்ள நான் எதுவும் செய்ய மாட்டேன். தம்பி அவன வெளிய அனுப்பட்டும். எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் நான் நிப்பேன்."

"தம்பின்னு வாயில வருதே, நல்லதுதான்." அவள் ரொட்டியைப் புரட்டினாள். "போறதுன்னா சாப்பிட்டுட்டுப் போங்க. வெறும் வயித்தோட கோவம் ஏறுமே ஒழிய மலை ஏறாது."

அவர் சாப்பிடவில்லை.

மடத்து வாசலில் வாயில்காப்பாளர் மூசா சகோதரர் விறகு பிளந்துகொண்டிருந்தார். குண்டு மனிதர், நகைச்சுவைக்காரர் என்று தன்னைப் பற்றி நினைப்பு.

"வாங்க தாஹிர் ஐயா. இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் வழி தெரிஞ்சுதா? துப்பாக்கிய அந்தச் சுவத்துல சாத்திட்டுப் போங்க. உங்க வீட்டுத் துப்பாக்கிக்குப் பழக்கமான இடந்தான்."

சாத்தியே இருப்பார். அதற்குத்தான் தோளிலிருந்து இறக்கவும் செய்தார். ஆனால் அந்தச் சொல் காதில் விழுந்த பிறகு எந்த ஸாதெரால் அந்தச் சுவரில் சாத்த முடியும்? மறுபடி தோளில் மாட்டிக்கொண்டு படியேறினார். பின்னால் மூசா கூப்பிட்டது கேட்டது. காதில் வாங்கவில்லை.

குடிலுக்கு முன்னால் சிறிய திராட்சைத் தோட்டம். கொடிகள் இலையுதிர்ந்து கரிக்கட்டையாக நின்றன. மூடுபனி கையெட்டும் தூரத்தில் தொங்கியது. தோட்டத்து விளிம்பில், கிழக்கே பார்த்த பாறைமேல், கறுப்பு மேலங்கி போர்த்து முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டு ஒருவர் முழந்தாளிட்டிருந்தார்.

தவசியின் முகத்தை யாரும் பார்ப்பதில்லை, அவரும் யாருடைய முகத்தையும் பார்ப்பதில்லை. போய் முழந்தாளிட்டு, கையை முத்தமிட்டு, தரையைப் பார்த்தபடி வந்த காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர் பதில் பேச மாட்டார். சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் பிறகு மூசா வழியாக வரும். இது அந்த மலையில் குழந்தைக்கும் தெரியும்.

தாஹிருக்கு முழங்கால் மடங்கவில்லை. தன்னைவிட இளையவன், சத்தியம் தவறியவன். ஆனாலும் தவசியின் முன் விறைத்து நின்று பேசினால் ஸாதெர் வீட்டானுக்கு மரியாதை தெரியாது என்று மடத்தில் பேர் விழும். துப்பாக்கியைக் கொடிக் கம்பு ஒன்றில் சாய்த்துவிட்டு முழந்தாளிட்டார். அந்தக் கையை எடுத்தார். காய்ப்புக் காய்த்த, வெடித்த கை. கல்லுடைப்பவன் கைபோல இருந்தது. முத்தமிட்டார்.

"ஷல்லீத்தா," என்றார். "சாமின்னு கூப்பிட எனக்கு வரல. மன்னிச்சுக்க."

கை அசையவில்லை.

"நான் யாருகிட்டயும் எதுவும் கேட்டவன் இல்ல. உங்கிட்ட ஒரு தடவை கேட்டேன். நஜ்லாவுக்குத் தண்ணி. அனுப்பின. யாரு யாரு வீட்டுக் கோழிக்கெல்லாம் பலிச்ச தண்ணி என் பிள்ளைக்குப் பலிக்கல. நான் அதப்பத்தி யாருகிட்டயும் வாயத் தொறந்ததில்ல. அவ அம்மாகிட்டகூட. ராத்திரியில அவளுக்கு நெத்தி சுட்டது இன்னும் என் உள்ளங்கையில இருக்கு."

இதைச் சொல்ல அவர் வரவில்லை. எப்படி வந்தது என்றும் தெரியவில்லை.

"போவட்டும். இப்ப ஒண்ணே ஒண்ணு. அவன் இங்க இருக்கான். அவனுக்குக் குணம் குடுக்காத. என் மகளுக்கு இல்லாதது அவனுக்கு எதுக்கு? எல்லைக்கு வெளிய அனுப்பிரு. மத்தத நான் பாத்துக்கறேன். நீ செய்யாம விட்டத நான் செய்யறேன்."

முக்காட்டுக்குள்ளிருந்து துருப்பிடித்த தாழ்ப்பாளைப் பிடுங்குவதுபோல ஒரு சத்தம் வந்தது. பிறகு இன்னொரு முறை. மூன்றாம் முறை அது சொல்லாக இருந்தது.

"நான்... சாமி இல்ல."

தாஹிர் நிமிர்ந்து பார்த்தார். முக்காடு பின்னால் சரிந்தது. நரைத்த தாடி, நீர் கட்டிய கண். வயதாகிவிட்டிருந்தது, ஆனால் மறக்கக்கூடிய முகமா அது?

"நான் கனான்," என்றான். சொன்னவன் தானே பயந்துபோய்த் தொண்டையைப் பிடித்துக்கொண்டான். "குரலு... எனக்குக் குரலு வருது."

தாஹிர் எழுந்து பின்னால் போனார். குனிந்து தரையில் உறைந்து கிடந்த பனியை அள்ளி வாயைத் தேய்த்தார். உதடு எரியும்வரை தேய்த்தார். பிறகு துப்பாக்கியை எடுத்தார்.

கனான் ஓடவில்லை. முழந்தாளிலேயே இருந்தான். "சுடு," என்றான். "நான் பேசாம இருந்திருந்தா நீ எழுந்து போயிருப்ப. எனக்கு அது தெரியும். ஆனா அந்தப் பிள்ளை பேச்ச எடுத்துட்டியே... அத நான் எப்படி அவரு மாதிரி இருந்து கேட்டுக்கிறது?"

துப்பாக்கி உயர்ந்தது, நின்றது. மடத்து எல்லை என்பது ஒருபுறம். அதைவிடப் பெரியது இன்னொன்று இருந்தது. ஒருவன் கையை முத்தமிட்டுவிட்டு அவன்மேல் ஆயுதம் தூக்குகிறவனை மலையில், முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்பார்கள். தெரியாமல் கொடுத்த முத்தம் என்று யாரிடம் போய் வாதாடுவது? முத்தம் முத்தம்தான். இனி எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கத்திலும் இந்தத் துப்பாக்கி இவனைச் சுடாது. கால் நூற்றாண்டாகப் பத்திரமாகக் காத்துவந்த பழியை ஒரு நொடியில், தன் வாயாலேயே, தாஹிர் கொடுத்துவிட்டிருந்தார்.

கையில் சூப்புக் கிண்ணத்தோடு மூசா மூச்சிரைக்க மேலே வந்தார். "யாரு பேசினது? ரெண்டு குரல் கேட்டுச்சே!"

"நான்தான்," என்றார் தாஹிர்.

"ரெண்டு குரலு ஐயா."

"நானே பேசிக்கிட்டேன்னு சொல்றேன்ல?"

அவர் வாழ்க்கையில் சொன்ன முதல் பொய் அதுவாக இருக்கலாம். கனான் அவரைப் பார்த்தான். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். வாயைத் திறக்கவில்லை.

"உங்கள மேல வராதீங்கன்னு அப்பவே கத்தினேன்," என்றார் மூசா. "சாமி உள்ள கிடக்காரு. நெஞ்சுச் சளி. இந்தப் பனியில அங்கியக் கழட்டி இந்த ஊமைக்குப் போத்திவிட்டுட்டு வெறும் சட்டையோட இருந்தா வேற என்ன வரும்? சொன்னா கேக்கற ஆளா? உங்க வீட்டு ரத்தம்தானே!"

தாஹிர் உள்ளே போனார். குடிலுக்குள் ஒரு பாய், தலைக்கு மரக்கட்டை, மூலையில் சிலுவை, அவ்வளவுதான். பாயில் கிடந்த உடம்பு ஒரு பிள்ளையின் உடம்பளவே இருந்தது. வலது கட்டைவிரலில் பழைய வடு. கொடி நறுக்கும் கத்தி பட்டு வந்தது. அந்தக் காயத்துக்குப் புகையிலை வைத்துக் கட்டியது தாஹிர்தான். வெளியில் முத்தமிட்ட கையில் அந்த வடுவைத் தேடியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தம்பி கண்ணைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்தபடியே, "அண்ணே," என்றான். "காலு நனைஞ்சிருக்கு. வைக்கோல்மேல நில்லு."

தாஹிர் நின்ற இடத்திலேயே நின்றார். "அங்கிய ஏன் அவனுக்குக் குடுத்த?"

"அவனுக்குக் குளிருச்சு."

"அவ்வளவுதானா?"

"ரொம்பக் குளிருச்சு."

தம்பி சிரமப்பட்டு மூச்சை இழுத்தான். பிறகு அவனே கேட்டான். "நஜ்லாவுக்கு அனுப்பின தண்ணி வந்து சேந்துச்சா?"

"சேந்துச்சு. செத்துட்டா."

"தெரியும். அன்னையிலேருந்து கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் அண்ணே. தினமும் பூசையில கேக்கறேன். ஏன்னு கேக்கறேன். இன்னும் பதில் வரல."

தாஹிர் எதை எதிர்பார்த்து வந்திருந்தாலும் இதை எதிர்பார்க்கவில்லை. சேசுவின் சித்தம், பிள்ளை மோட்சத்தில் இருக்கிறாள், இப்படி ஏதாவது சொல்லியிருந்தால் அவருக்குக் கோபித்துக்கொண்டு கிளம்ப வசதியாக இருந்திருக்கும்.

"வெளிய ரெண்டு குரல் கேட்டுச்சு," என்றான் தம்பி.

மூசாவிடம் எளிதாக வந்த பொய் இங்கே வரவில்லை. உண்மையும் வரவில்லை. தம்பி மறுபடி கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அவர் வைக்கோல்மேல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வெளியே வந்தார்.

அஃப்ராம் சாமி அந்த வாரமே சாகும் முன் பூசும் எண்ணெயைப் பூசிக்கொண்டு, கடைசி நற்கருணை வாங்கி, கண் மூடினார். மடத்து மணி அடித்தது. கீழே ஒவ்வொரு ஊர் மணியாக அதை வாங்கி அடித்தது. அவரைப் பெட்டி வைக்காமல், அந்தக் கறுப்பு அங்கியோடேயே, மடத்துக் கல்லறையில் கிடத்தினார்கள்.

துக்கம் கேட்க ஜனம் ஸாதெர் வீட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். ஒரு தம்பிக்குக் கதவைத் திறந்தால் அண்ணனுக்குச் சாத்தியது என்னவாகும் என்று தாஹிர் ஒரு பகல் முழுவதும் யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் வாசலில் கூட்டம் நின்றது. காடர்ந்த வடக்கு ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கதவைத் திறந்தார். மர்ஹெஜ் செத்த அன்றிலிருந்து உரலில் காப்பிக்கொட்டை விழாத வீட்டில் உலக்கைச் சத்தம் கேட்டது. தக்லா வறுத்துக் கொடுக்க, மூத்தவர் என்ற முறையில் தாஹிரே கையில் கெண்டியோடு ஒவ்வொருவருக்கும் ஊற்றினார்.

பேச்செல்லாம் சாமியைப் பற்றியே. யாருக்கு எந்த நோய் தீர்ந்தது, எந்த வயலில் வெட்டுக்கிளி திரும்பிப் போனது. மடத்துச் சார்பில் வந்திருந்த மூசா சகோதரர் எல்லாவற்றையும் ஆமோதித்துக்கொண்டிருந்தார்.

அப்போது நௌஃபல் வீட்டுப் பெரியவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், வெறுந்தலையோடு, கனான்.

சிலர் கண் சுவரிலிருந்த துப்பாக்கிக்குப் போனது. துக்கம் கேட்க வந்தவனைத் திருப்பியனுப்பும் வழக்கம் இல்லை. தாஹிர் வரிசைப்படி ஊற்றிக்கொண்டே வந்தார். கனானிடம் வந்தார். ஊற்றினார்.

கனான் கிண்ணத்தை வாங்கினான். குடிக்காமல் தன் முன்னால் தரையில் வைத்தான்.

யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. விருந்தாளி கிண்ணத்தைக் குடிக்காமல் கீழே வைத்தால் அவனுக்கு வீட்டுக்காரரிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது. வீட்டுக்காரர் என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது.

தாஹிர் கேட்கவில்லை. அடுத்தவருக்கு ஊற்றப் போனார்.

"பாவம், என்ன கேக்கறதுன்னுகூட அவனால சொல்ல முடியாதே," என்று ஒரு குரல் எழுந்தது.

நௌஃபல் பெரியவர் ஒருவர் பெருமூச்சு விட்டார். "என்ன செய்யறது? எத்தனையோ பேருக்கு நீண்ட கை எங்க ஆளுக்கு மட்டும் நீளல. ஊமையாவே அனுப்பிட்டாரு சாமி."

"எப்படி நீளும்?" என்றான் கதவோரம் நின்ற அசாஃப். "சாமியா இருந்தாலும் ஸாதெர் வீட்டுப் பிள்ளை இல்லையா? எல்லாரையும் பேச வச்சாரு, இவன் வாயக் கட்டிட்டாரு. அதான் ரத்தம்ங்கறது. இத்தன நாளு அவர என்னென்னமோ சொன்னாங்க. பாத்தீங்களா, கடைசியில பழிய வாங்கித்தான் போயிருக்காரு!"

கூட்டத்தில் ஆமோதிக்கும் முனகல் ஓடியது. ஓரிருவர் தாஹிரைப் பார்த்துத் தலை வணங்கினார்கள். வீட்டு மானம் காப்பாற்றப்பட்டது என்ற வணக்கம் அது. கால் நூற்றாண்டாக அவர் காது கேட்க ஏங்கியிருந்த சொல். ஷல்லீத்தா கோழை இல்லை என்று ஊர் தன் வாயால் சொல்லிவிட்டது. அதற்கு விலை ஒன்றுதான். சாமி ஒரு ஊமையை மனதறிந்து கைவிட்டார் என்று இந்த மலை தலைமுறைக்கும் சொல்லும்.

தாஹிர் கனானைப் பார்த்தார். கனான் தவசியைப்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாளிலிருந்து அவன் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை என்பது தாஹிருக்கு அப்போதுதான் உறைத்தது. குரல் எப்படி வந்தது என்று ஒருவன் கேட்பான். சொன்னால் முத்தம் வெளியே வரும். அதனால் திரும்பக் கிடைத்த குரலை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஸாதெர் வீட்டு மானம் இப்போது ஒரு நௌஃபலின் வாய்க்குள் இருந்தது. அவன் தயவில் இருந்தது.

அதைத்தான் தாஹிரால் தாங்க முடியவில்லை.

கெண்டியைக் கீழே வைத்தார். "அவனுக்கு வாய் இருக்கு," என்றார்.

"என்ன ஐயா?" என்றார் மூசா.

"அவன் பேசுவான்னு சொல்றேன். உங்க காதுல அன்னைக்கு விழுந்தது ரெண்டு குரலுதான் மூசா. பொய் சொன்னது நான்." கூடத்தை நேராகப் பார்த்தார். "தம்பியோட அங்கி இவன்மேல இருந்துச்சு. தம்பின்னு நெனச்சு முழந்தாள் போட்டு இவன் கைக்கு முத்தம் குடுத்தேன். அப்பத்தான் இவனுக்குக் குரல் வந்துச்சு. வந்த உடனே சொன்னது, நான் கனான்னு. துப்பாக்கி பக்கத்துலயே இருந்துச்சு. என் தம்பி யாரையும் கைவிடல. அவன் பேரச் சொல்லி இந்த வீட்டுக்குப் பெருமை எடுத்துத் தர்றத இத்தோட விட்டுடுங்க."

உள்கட்டிலிருந்த பெண்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். முத்தமிட்ட உதட்டைப் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. பார்க்கட்டும் என்று நின்றார். பிறகு கனானிடம் திரும்பினார்.

"உன் காப்பி ஆறுது. என்ன வேணும்? உன் வாயாலயே கேளு."

கனான் எழுந்து நின்றான். குரல் இன்னும் கரகரத்தது. அதைக் கேட்டதும் நௌஃபல் பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"மன்னிப்பு கேக்க மாட்டேன். அதுக்கு எனக்கு மூஞ்சி இல்ல," என்றான் கனான். "மர்ஹெஜுக்கு மணி அடிக்கணும். அவனுக்கு மணி அடிக்கலைங்கறது அந்த நாட்டுலயும் எனக்குத் தூக்கம் வராமப் பண்ணிச்சு. அவ்வளவுதான்."

கேட்டுவிட்ட பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. தாஹிர் திரும்பினார். உள்கட்டு வாசலைப் பார்த்தார்.

"மதினி," என்று கூப்பிட்டார். "நீங்க சொல்லுங்க. உங்களுக்கு என்ன வேணும்?"

தக்லா வாசற்படிக்கு வந்தாள். கையில் மடித்த சட்டை இருந்தது. பழுப்பேறி, துணி எது ரத்தம் எது என்று தெரியாமல் இருந்தது. அதை அவள் எப்போது பெட்டியிலிருந்து எடுத்தாள் என்று யாருக்கும் தெரியாது.

"மணி அடிக்கட்டும்," என்றாள். "இத அவரு கல்லறையில வச்சு மூடுங்க. பூச்சி அரிச்சுருச்சு. எனக்கும் வயசாயிருச்சு." கனான் பக்கம் ஒருமுறை மட்டும் பார்த்தாள். "அந்தக் கிண்ணத்த மாத்திச் சூடா ஊத்திராதீங்க கொழுந்தனே. ஆறினதையே குடிக்கட்டும்."

கோயில் மணிக்கு ஆள் ஓடியது. முதல் அடி விழுந்தபோது கனான் கிண்ணத்தை எடுத்து, மண்டியோடு, கடைசிச் சொட்டுவரை குடித்தான். தக்லா படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அடக்கி வைத்திருந்த அழுகை மாதிரி இல்லை. நேற்றுச் செத்தவனுக்கு அழுவதுபோல அழுதாள். கூட்டம் எழுந்து நின்றது.

தாஹிருக்கு நெஞ்சு லேசாகவில்லை. வருவான் என்று எதிர்பார்த்திருந்த விருந்தாளி வராமல்போன வீடுபோல உள்ளே காலியாக இருந்தது. தம்பிக்கு எல்லாம் தெரிந்துதான் அந்த அங்கியைக் கழற்றினானா, இல்லை வெறும் குளிர்தானா? எவனிடம் கேட்பது? கனானின் தொண்டை திறந்தது, நஜ்லாவின் நெற்றி ஆறவில்லை. இரண்டும் ஒரே கையிலிருந்து வந்ததுதான்.

மணி அடித்துக்கொண்டிருந்தது. அவர் கெண்டியை எடுத்து, முதன்முறையாகத் தனக்கென்று ஒரு கிண்ணம் ஊற்றினார். பாயில் உட்கார்ந்தார், முதுகு வளையாமல். கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தன் முன்னால் தரையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொந்த வீட்டில் ஒருவர் யாரிடம் வேண்டுதல் வைக்கிறார் என்று கேட்க அங்கே யாருக்கும் துணிச்சல் வரவில்லை. காப்பி ஆறிக்கொண்டிருந்தது.